விலக்கில் நின்றிருந்தவர்

என் இடத்தில் இப்போது களப்பணி பார்க்கும் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். கேட்காமல் இருந்தாலும் எழுதியிருப்பேன், அது வேறு விஷயம். ஓய்வு பெற்றவளுக்கு வாய் சும்மா இருக்காது. எந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்தச் சான்றிதழை எதன்மேல் வைத்துக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லாம் வந்து நிற்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் தப்புகளுக்குக் குறைவில்லை. மற்றவற்றை மறைத்துவிட்டேன். இதை மறைக்க முடியாதபடி மாவட்ட ஆட்சியர் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

முதலில் என்னைப் பற்றி ஒரு விவரம். நான் தாமிரபரணிக் கரைக்காரி, வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் அணையை என்றைக்குத் திறப்பார்கள் என்று பேப்பரில் தேதி வரும். அந்தத் தேதியை வைத்து நாற்றங்கால், நடவு, வீட்டு விசேஷம் எல்லாம் முடிவாகும். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தபோது, தேதி என்றால் தேதிதான் என்ற புத்தியும் என்னோடு வந்தது. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். கையில் டைரி இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. யாராவது கால் மணி நேரம் தாமதமாக வந்தால் அதையும் டைரியில் எழுதி வைப்பேன். என்னோடு வேலை செய்தவர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய இரண்டு மூன்று வருஷங்களில் நடந்தது இது. பாதுகாவலர் நியமனத்துக்கான சட்டம் அப்போது புதிது. மனவளர்ச்சி குன்றிய ஒருவருக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் தனி ஆள். பெற்ற தாயானாலும் அவருக்காகக் கையெழுத்துப் போட உரிமை கிடையாது. முறைப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்க வேண்டும். அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. விண்ணப்பம் வந்தால் எங்களைப் போன்றவர்களை ஊருக்கு அனுப்பி, ஆளைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து அறிக்கை தரச் சொல்வார்கள். அறிக்கையில் இருப்பதுதான் அநேகமாகத் தீர்ப்பு. அந்த அதிகாரம் கையில் இருப்பது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அப்படி வந்த கோப்புகளில் ஒன்று பேச்சிமுத்துவுடையது. வயது முப்பத்திரண்டு. கடம்பூருக்கு அந்தப்பக்கம், மெயின் ரோட்டில் ஊர்ப் பாதை பிரியும் விலக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஊர். மானாவாரிப் புஞ்சையும் பத்துப் பதினைந்து ஆடும் உள்ள குடும்பம். இரண்டொரு சொல்லுக்கு மேல் பேச்சு வராது. அப்பா எப்போதோ காலமாகிவிட்டார். அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் அந்த வருஷம் தவறிவிட்டார். பேச்சிமுத்துவுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்துவிட வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கையெழுத்துப் போடுவது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அப்போதுதான் அந்த வீட்டில் பாதுகாவலர் என்ற வார்த்தையே முதல்முதலாகக் காதில் விழுந்திருக்கிறது.

விண்ணப்பம் போட்டது தங்கை குருவம்மாள். கல்யாணத்துக்குப் பிறகும் புருஷனோடு அம்மா வீட்டிலேயே இருந்தாள், அண்ணனைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் விண்ணப்பம் வந்த ஒரு வாரத்தில் மூத்தவர் அய்யாத்துரையிடமிருந்து இன்னொன்று வந்தது. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வையாளர். கையெழுத்து மணிமணியாக இருந்தது. தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் பொண்டாட்டி இருவரும் பகலெல்லாம் புஞ்சைக் காட்டில் கிடப்பவர்கள், தம்பியைக் கவனிக்க ஆளில்லை, என்னை நியமித்தால் மதுரையில் ஒரு நல்ல காப்பகத்தில் சேர்த்துவிடுகிறேன், இடமும் பேசி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஆக, பேச்சிமுத்து தன் ஊரில் இருப்பாரா, மதுரையில் ஒரு கட்டடத்தில் இருப்பாரா என்பது என் அறிக்கையில் நின்றது.

பதினைந்து நாளுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பினேன். இன்ன தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி, சம்பந்தப்பட்டவர்கள் வீட்டில் இருக்கவும்.

அது ஐப்பசி மாதம். புதன்கிழமை ராத்திரி நல்ல மழை. வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. பத்தேகாலுக்கு விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அங்கே ஒரு ஆள் தனியாக நின்றிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, முழங்காலுக்கு மேல்வரை கரிசல் சேறு. என் கைப்பையைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துக்கொண்டு நேரே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

நான் பயந்துபோனேன். கையை உதறிவிட்டு வேகமாக ஊர்ப் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரத்தில் கிழக்கே ஒரு வண்டிப்பாதை பிரிகிறது. அங்கே மறுபடி வந்து கையைப் பிடித்து அந்தப் பக்கமாக இழுத்தார். அதட்டினேன். விட்டுவிட்டார். ஆனால் பின்னால் வருவதை விடவில்லை. கரிசல் சேறு செருப்பில் அப்பி, ஒவ்வொரு அடியும் ஒரு படி கனமாகி, கடைசியில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனேன். எந்த மனநிலையில் போயிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் ஆள் அரவமே இல்லை. தெருவில் நாலு கோழி, ஒரு நாய். வீட்டு வாசல்களில் எல்லாம் சங்கிலி மாட்டிக் கிடந்தது. குருவம்மாளின் வீடும் பூட்டியிருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஷூவில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அய்யாத்துரை. தூத்துக்குடியிலிருந்து காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

“குருவம்மா எங்கே?” என்றேன்.

“பாத்தீங்கள்ல மேடம். வீடு பூட்டிக் கெடக்கு.”

“தம்பி?”

எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். “இவந்தான்.”

திரும்பிப் பார்த்தேன். விலக்கிலிருந்து என்னைத் தொடர்ந்து வந்தவர், மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக வந்து என் கையைப் பிடித்து, வந்த வழியே இழுத்தார்.

“எப்பவும் இப்படித்தானா?”

அய்யாத்துரை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆமா மேடம். ஆள் வந்தா கையைப் பிடிச்சு இழுப்பான்.”

பதினோரு மணியிலிருந்து ஒரு மணிவரை அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. டைரியில் எழுதினேன்: நோட்டீஸ் கிடைத்தும் விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை. அக்கம்பக்கத்தாரும் அக்கறை காட்டவில்லை. சம்பந்தப்பட்டவர் கண்காணிப்பின்றி மெயின் ரோட்டோரம் தனியாக நின்றிருந்தார். காலெல்லாம் சேறு. பதற்றம் உண்டு, கையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் உண்டு. திரும்பும்போது விலக்குவரை என்னோடு வந்தார். பஸ் வந்ததும் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். நான் ஏறிக்கொண்டேன். பஸ் கிளம்பும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தபடி ரோட்டில் நின்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அறிக்கையை டைப் அடிக்கக் கொடுத்தேன். குழு வியாழக்கிழமை தூத்துக்குடியில் கூடுகிறது. எங்கள் ஆபீசில் டைப் அடித்தவள் என் வயதுக்காரி, பெயர் வேண்டாம், சொன்னால் அவளுக்குத் தலைக்கனம் ஏறும். சொந்த ஊர் கடம்பூர்ப் பக்கம் ஒரு பட்டி. பிழை திருத்துவதைத் தவிர என் அறிக்கைகளில் அவள் மூக்கை நுழைத்ததே இல்லை. அன்றைக்குப் பாதி அடித்தவள் கையை எடுத்துவிட்டாள்.

“ஏட்டி, நீ எந்த வெள்ளிக்கெழம போன?”

“போன வெள்ளிதான். தேதி போட்டிருக்கேன் பாரு.”

“புதன் ராத்திரி மழை கொட்டுச்சே, அதுக்கு அடுத்த வெள்ளியா?”

“ஆமா. சேத்துல என் செருப்பே போச்சு.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “மழை பெஞ்ச மூணாம் நாளு கரிசக்காட்டு ஊர்ல போயி ஆளத் தேடியிருக்கியே. அன்னைக்கு ஒரு குஞ்சு குளுவான் வீட்ல இருக்குமா? ஒரே நேரத்துல ஊரே வெதைக்கும். ரெண்டு நாளு விட்டா மண்ணு இறுகிப்போவும், அந்த வருசம் அம்புட்டுதான். எங்கம்மா என்னைப் பெத்த பதினாறாம் நாளு தூக்கிட்டு வெதைக்கப் போனவ.”

“நோட்டீஸ் பதினஞ்சு நாள் முன்னாடியே போயிருக்கு.”

“மேகத்துக்கு நோட்டீஸ் அனுப்புனியா?”

எனக்குக் கோபம் வந்தது. பூட்டிய வீட்டுக்குச் சமாதானம் சொல்லலாம், ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிற்க விட்டதற்கு என்ன சமாதானம் என்று கேட்டேன். லாரி போகிற ரோடு அது.

“அதத்தான் நானும் கேக்கேன்,” என்றாள். “அந்த ஆளு ரோட்டுல எதுக்கு நின்னாருன்னு இதுல எழுதலையே. நின்னாருன்னுதான் எழுதியிருக்க. அடிச்சுத் தந்துருதேன், எனக்கென்ன. ஆத்தங்கரைக்காரிக்குத் தெரியாததா.”

அன்றைக்கு மத்தியானம் அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். அறிக்கையை அப்படியே அனுப்பினால் என்னை ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. அதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை. இன்னொரு தடவை போவதானால் மற்ற வேலையெல்லாம் தள்ளும். அதைவிடப் பெரிய கஷ்டம், போய்ப் பார்த்து நான் எழுதியது தப்பு என்று தெரிந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தை வேறு ஏதோ பெயர் சொல்லிச் சாயங்காலம்வரை தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில், அடித்தவரைக்கும் போதும், நிறுத்து என்று அவளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் இல்லாமல் கிளம்பினேன். கடம்பூரில் இறங்கி ஒரு பொட்டலம் போளி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். விலக்கில் அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. பாதையில் சேறு காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளிக்கிழமை கறுப்பாகக் கிடந்த மண்ணில் உளுந்து இரண்டிரண்டு இலையாகத் தலை காட்டியிருந்தது. விதைத்தது என்றைக்கு என்று விரல்விட்டு எண்ணினேன்.

ஊரில் ஆட்கள் இருந்தார்கள். குருவம்மாள் வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் ஒடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க,” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி போய்ப் பருத்திமார் ஒடிக்க உட்கார்ந்தாள். பேச்சிமுத்து ஆட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“வெள்ளிக்கிழமைக்கு நோட்டீஸ் கிடைச்சதுல்ல?” என்று கேட்டேன்.

“கெடச்சுதும்மா. அதாலதான் விடியவும் அவன விலக்குக்கு அனுப்பிவிட்டேன்.”

“எதுக்கு?”

குருவம்மாள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “உங்களக் கூட்டிட்டு வரத்தான். எங்க புஞ்சை வண்டிப்பாதையில கெழக்க அரை மைலு. இங்கன வாரதவிட அது கிட்ட. ஏரு ஓடிக்கிட்டு இருக்கு, பின்னால வெதை போடுதது நானு. விட்டுட்டு வர ஏலாது. அந்தம்மா அங்கனயே வந்து எல்லாத்தையும் கேட்டுக்கிடட்டும், ஊருச்சனமும் காட்டுலதான இருக்குன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் விலக்குல நின்னு கூட்டிட்டு வாரது அவந்தாம்மா. எங்கம்மா பழக்கி வச்சது. பேச வராதுல்லா, அதனால கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருவான்.”

அவளே தொடர்ந்தாள்.

“மொத பஸ்ஸுல எறங்குன நர்சம்மாவ இழுத்துட்டு வந்துட்டான். அவியளும் சிரிச்சிக்கிட்டே காட்டுவரைக்கும் வந்தாக. இவிய இல்லலே, பை வச்சிருக்கிற அம்மான்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன். மறுபடி போயி நின்னான். பொழுது சாயத்தான் வந்தான். கைய விரிச்சுக் காட்டி, ‘வல்ல, வல்ல’ன்னான். ரெண்டு நாளு சரியாச் சோறு திங்கல. தாம் பேருல ஏதோ தப்புன்னு நெனச்சுட்டாம் போல.”

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையில் அழக் கூடாது என்று உங்களில் சிலருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அழுதேன். அந்த மனிதருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை, இரண்டு கிலோமீட்டர் போகவும் வரவும் நடந்து, நாலு தடவை முயற்சி செய்து பார்த்திருக்கிறார். நான் அதைப் பழக்கம், பதற்றம் என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் தப்பு செய்துவிட்டோம் என்ற கூச்சத்தில் அப்படியே அடுத்த பக்கம் சாய்ந்துவிடுவதும் தப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால் யார் கூட இருப்பது, காட்டு வேலை நாளில் பகலில் அவர் எங்கே, நாளைக்கு உனக்கே முடியாமல் போனால் யார் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்து வீடுகளிலும் விசாரித்தேன். அவருடைய பாய், தட்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் பார்த்தேன். குருவம்மாளின் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு இதில் மனசார சம்மதமா என்று கேட்டேன். அவர் அதிகம் பேசாத மனிதர்.

“பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு வீடு தெரியாதும்மா,” என்றார். “விலக்குல நின்னு என் கையப் பிடிச்சு இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது அவந்தான். இப்ப நான் என்ன சம்மதம் சொல்ல.”

கிளம்பும் முன் ஆட்டுக் கொட்டகைக்குப் போனேன். முப்பத்திரண்டு வயது ஆளிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, “நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் வரல. தப்பு என்னோடது,” என்றேன். புரிந்ததா என்று தெரியவில்லை. போளியை வாங்கிக்கொண்டார். பாதியைத் தின்றார், பாதியை ஆட்டுக்குக் கொடுத்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

வியாழக்கிழமை தூத்துக்குடியில் குழு கூடியது. நீளமான மேஜை. தலைப்பக்கம் ஆட்சியர், ஒரு பக்கம் குழு உறுப்பினர்கள், அவர்களை ஒட்டி எனக்கு ஒரு நாற்காலி. எதிர்ச் சுவரோரம் பெஞ்சில் குருவம்மாளும் அவள் புருஷனும் பேச்சிமுத்துவும். பேச்சிமுத்து சலவைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் இன்னொரு கோடியில் அய்யாத்துரை.

என் முறை வந்ததும் புதிய அறிக்கையை வாசிக்கும் முன், வெள்ளிக்கிழமை எழுதியதை வாசித்தேன். வாசித்துவிட்டு, இதைத் திருத்த வேண்டும் என்றேன்.

“அப்ப முதல்ல எழுதினது பொய்யா?” என்று ஆட்சியர் கேட்டார்.

“பார்த்தது எல்லாம் நிஜம் சார். புரிஞ்சுக்கிட்டது தப்பு.” விலக்கில் அவர் எதற்காக நின்றார் என்பதைச் சொன்னேன். விதைப்பு நாளில் தேதி வைத்தது என் தப்பு என்பதையும் சொன்னேன். ஒரு உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் அத்தோடு போச்சு என்றுதான் நினைத்தேன். அப்படி ஒன்றும் போகவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்சியர் அய்யாத்துரையைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

அவர் எழுந்து நின்றார். நான் சண்டையை எதிர்பார்த்துக் காகிதங்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“அவன் எதுக்கு இழுக்கான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் சார்,” என்றார். “நானும் அந்த ஊர்ல பொறந்தவந்தான். மேடம் கேட்டாங்க. நான் சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா இவளுக்குக் குடுத்துருவீங்க. எங்கம்மா சாகும்போது, அந்தப் பிள்ளை தலையில இவன வச்சிராத, நீ பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போச்சு. எங்க வீடு ஒத்த ரூம்பு. என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல. நான் எங்க சார் வச்சுப் பாக்க. அதான் மதுரையில கேட்டு வச்சேன்.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குருவம்மாளிடம் பேசச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளாகப் பேசினாள். “அண்ணே, எனக்குப் பாரமா இல்லையான்னு என்கிட்டயில்லா கேக்கணும். அம்மாகிட்டயும் உன்கிட்டயும் நான் எப்ப சொன்னேன்?”

பிறகு ஆட்சியர் பேச்சிமுத்துவைப் பார்த்துக் குனிந்து, “உங்களுக்கு யார்கூட இருக்கணும்?” என்று கேட்டார். இப்படிக் கேட்க வேண்டும் என்று விதியில் அப்போது தெளிவாக இல்லை. அவராகக் கேட்டார், அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பேச்சிமுத்து அவரைக் கவனிக்கவில்லை. வந்ததிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேஜைமேல் இருந்த என் கைப்பையை. மெதுவாக எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கையைப் பிடித்து இழுத்தார்.

இந்தத் தடவை நான் எழுந்து போனேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, யாரோ அதை நிமிர்த்தினார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி, ஆட்சியரையும் தாண்டி, நேரே குருவம்மாள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டார். தங்கையைப் பார்த்து, தெளிவாகவே சொன்னார்:

“வந்தாச்சு.”

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணும் சரியாக இல்லை. மிச்சக் கேள்விகளுக்கு அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடியே பதில் சொன்னேன். குருவம்மாளை நியமித்து அன்றைக்கே உத்தரவானது. சம்மதக் கடிதத்தில் அய்யாத்துரை கையெழுத்துப் போட்டார், அதே மணிமணியான கையெழுத்து.

ஆபரேஷன் அந்த மாதமே முடிந்தது. வார்டில் கூட இருந்தது அய்யாத்துரை, லீவு போட்டுவிட்டு. பொங்கலுக்கு அவர் ஊருக்கு வந்தபோது விலக்கில் தம்பி நின்றிருந்ததாகவும், வழி தெரிந்த அண்ணனையும் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனதாகவும் குருவம்மாள் பிறகு சொல்லிச் சிரித்தாள். எங்கள் டைப்பிஸ்ட் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அடுத்த வருஷத்து டைரி வந்ததும் அதை என்னிடமிருந்து பிடுங்கி, ஐப்பசிப் பக்கங்களில் எல்லாம் ‘வானத்தைப் பார்’ என்று எழுதி வைத்தாள். நானும் அழிக்காமல் விட்டுவிட்டேன்.

அந்தக் கோப்பு இப்போது உங்கள் அலமாரியில்தான் இருக்கும். வருஷாவருஷம் ஒருவர் போய்ப் பார்த்து எழுத வேண்டும், உங்களில் ஒருவர் போவீர்கள். பழைய அறிக்கையைக் கிழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அதுவும் உள்ளே இருக்கிறது. அதில் ‘கையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் உண்டு’ என்ற வரியை மட்டும் நான் கோடிட்டு அடிக்கவில்லை. அது இன்றைக்கும் உண்மைதான். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு சொல் சேர்த்திருக்கிறேன். விலக்கில் இறங்கும்போது நினைவிருக்கட்டும்.

‘கூடப் போகவும்.’